ஒற்றைக் கையால் மந்தைகளைக் காத்தவர்

மாட்டை வாயில்லா ஜீவன் என்று சொல்வது நம் ஊர் வழக்கம். மனிதனுக்கு நோய் வந்தால் தலை வலிக்கிறது, வயிறு வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லிவிடுவான். மாடு என்ன செய்யும்? தீவனத்தைத் தொடாமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும்; அவ்வளவுதான். அந்த மௌனத்தின் பொருளை அறிவதற்காகத் தம் வாழ்நாளையே செலவிட்ட ஒருவரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அவர் பெயர் சர் ஆர்னால்ட் தைலர்.

இந்தப் பெயரை நான் முதன்முதலில் கேட்டது வகுப்பறையில் அன்று, மாட்டுத் தொழுவத்தில்! சென்ற கோடை விடுமுறைக்கு என் அம்மாச்சியின் கிராமத்திற்குப் போயிருந்தேன். அங்கே செவலை என்று ஒரு கலப்பினப் பசு உண்டு. ஒரு நாள் அதற்குக் கடுங்காய்ச்சல். முன்னங்காலுக்கு மேலே, தோளருகில் எலுமிச்சம்பழம் போல் கட்டி வீங்கியிருந்தது. பால் வற்றிவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து, காது நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போனார். மறுநாள் வந்து, இது தைலேரியா, உண்ணி கடித்து வந்தது என்றார். அது என்ன மொழிச் சொல் என்று கேட்டேன். அது ஒரு மனிதரின் பெயர் என்று சொல்லி ஊசி போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு நோய்க் கிருமிக்கு மனிதரின் பெயரா? அந்த மனிதர் அப்படி என்ன செய்தார்? பள்ளி திறந்ததும் அதைத் தேடிப் படித்தேன். படித்ததை என் தோழியருக்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இளமையும் கல்வியும்

ஆர்னால்ட் தைலர் 1867ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டில் ஃபிரிக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஒரு பள்ளி ஆசிரியர். ஆர்னால்ட் கால்நடை மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்து, பெர்ன், சூரிச் ஆகிய நகரங்களில் பயின்று தேர்ச்சி பெற்றார். சுவிட்சர்லாந்து பசுக்களுக்குப் பெயர் போன நாடு. அங்கேயே ஒரு சிற்றூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் மனம் தொலைதூர நாடுகளை நாடியது. 1891இல், தம் 24ஆம் வயதில், கப்பலேறித் தென்னாப்பிரிக்கா சென்றார். அந்நாளில் டச்சு மரபினரான போயர் மக்கள் ஆண்டுகொண்டிருந்த டிரான்ஸ்வால் நாட்டின் தலைநகர் பிரிட்டோரியாவில் தங்கினார்.

கை போயிற்று, மனம் போகவில்லை

பிரிட்டோரியாவில் அவரை வரவேற்பார் யாரும் இல்லை. மாட்டுக்குக் கூடவா படித்த மருத்துவர் என்று எண்ணிய காலம் அது. பிழைப்புக்காக அவர் அருகிலிருந்த ஐரீன் என்னும் பெரிய பண்ணையில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே ஒரு நாள், தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் அவருடைய இடக்கை சிக்கிக்கொண்டது. கையை இழந்தார்.

தோழியரே, சற்று எண்ணிப் பாருங்கள். கால்நடை மருத்துவம் என்பது நாற்காலியில் அமர்ந்து செய்யும் தொழில் அன்று. திமிறும் எருதைப் பிடிக்க வேண்டும். கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவுக்கு உதவ வேண்டும். இறந்த மாட்டை அறுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கை உள்ளவர்களே திணறும் வேலை. அந்நிய நாட்டில், கையில் காசில்லாமல், ஒரு கையும் இல்லாமல் நின்ற அந்த இளைஞர் ஊருக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பவில்லை. ஒற்றைக் கையாலேயே அறுவைக் கத்தியையும் நுண்ணோக்கியையும் கையாளப் பழகிக்கொண்டார். 1893இல் ஜோகன்னஸ்பர்க் சுரங்கப் பகுதியில் பெரியம்மை பரவியபோது, கன்றுகளின் உடலில் அம்மைப்பால் வளர்த்து மனிதருக்குத் தடுப்பு மருந்து தயாரித்துக் கொடுத்தார். மாட்டு மருத்துவர் மனிதரைக் காத்த பிறகே அரசாங்கம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஆண்டுதான் எம்மா என்னும் சுவிட்சர்லாந்துப் பெண்ணை மணந்தார்.

வெக்கை நோய் வந்தது

1896ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்கு ஒரு பேரிடர் வந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் வெக்கை நோய் என்று சொல்வார்களே, அதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவின் வடகிழக்குக் கரையில் நுழைந்த அந்நோய், மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்றுகொண்டு தெற்கே இறங்கி, ஜாம்பசி ஆற்றையும் தாண்டியது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாய் புண்ணாகும், பேதி கண்டு சில நாட்களில் மாடு சாயும். நோய் புகுந்த மந்தைகளில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு மாடுகள் மடிந்தன. இரயில் வராத ஊர்களுக்கெல்லாம் எருது வண்டிதான் போக்குவரத்து. வண்டிகள் நடுவழியில் நின்றன. உழவு நின்றது. பாலையும் மந்தையையும் நம்பி வாழ்ந்த ஆப்பிரிக்கப் பழங்குடி மக்கள் பட்டினியில் வீழ்ந்தனர். நோய் பரவாமல் தடுக்க அதிகாரிகள் நோயில்லாத மாடுகளையும் சுட்டுக் கொன்றனர். தம் கண்முன்னே நல்ல மாடுகள் விழுவதைக் கண்ட மக்களின் துயரத்தையும் சினத்தையும் என்னென்பது!

தைலர் அரசாங்கக் கால்நடை மருத்துவராக நியமிக்கப்பட்டார். சுட்டுக் கொல்வதைத் தவிர வேறு வழி இல்லையா என்பதே அவர் முன் நின்ற கேள்வி. ஒரு செய்தி அவருக்கு நம்பிக்கை ஊட்டியது. நூற்றில் பத்து மாடுகளாவது பிழைக்கின்றன அல்லவா? பிழைத்த மாட்டுக்கு மறுபடியும் அந்நோய் வருவதில்லை. அப்படியானால் அதன் இரத்தத்தில் ஏதோ ஒரு காப்புச் சக்தி இருக்க வேண்டும். நேட்டால் நாட்டைச் சேர்ந்த வாட்கின்ஸ் பிட்ச்ஃபோர்டு என்னும் மற்றொரு கால்நடை மருத்துவருடன் சேர்ந்து அவர் அதைச் சோதித்தார். பிழைத்த மாட்டின் இரத்தத்தை உறையவிட்டால் மேலே தெளிந்த நீர் நிற்கும். சீரம் எனப்படும் அந்தத் தெளிநீரை நல்ல மாட்டுக்கு ஊசி வழியாகச் செலுத்தினால் அது நோயைத் தாங்குகிறது என்று கண்டார்கள். அதே காலத்தில் ஜெர்மனியின் புகழ்பெற்ற விஞ்ஞானி இராபர்ட் கோக் கிம்பர்லி நகரில் தங்கி, இறந்த மாட்டின் பித்தநீரைக் கொண்டு வேறொரு தடுப்பு முறையைக் கண்டார். பாரிசிலிருந்து பாஸ்டர் நிலையத்து அறிஞர்களும் வந்து தைலருடன் வேலை செய்தனர். பலர் உழைப்பும் ஒன்று சேர்ந்து அந்தப் பெரும் கொள்ளைநோய் கட்டுக்குள் வந்தது. பிற்காலத்தில் இன்னும் நல்ல தடுப்பூசிகள் வந்தன. 2011ஆம் ஆண்டில் வெக்கை நோய் உலகை விட்டே ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. மாடுகளின் நோய்களில் அடியோடு ஒழிக்கப்பட்ட முதல் நோய் அதுவே.

உண்ணியின் இரகசியம்

1899இல் போயர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. தைலர் போயர் படையின் கால்நடை மருத்துவராகப் பணியாற்றினார். போரில் ஆங்கிலேயர் வென்றனர். ஆனால் எதிரியின் படையில் இருந்தவர் என்று அவரை அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. அவரைப் போன்றவர் வேறு யாரும் இல்லை என்பதால் ஆராய்ச்சியைத் தொடரச் சொன்னார்கள்.

வெக்கை நோயிலும் போரிலும் அழிந்துபோன மாடுகளுக்கு ஈடாக ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மாடுகள் கப்பலில் கொண்டுவரப்பட்டன. அந்தோ! அவற்றோடு ஒரு புதிய நோயும் வந்து இறங்கியது. கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். நோய் கண்ட நூறு மாடுகளில் தொண்ணூறுக்கு மேல் இறந்தன. சிறுநீர் சிவந்து போகும் வேறொரு பழைய உண்ணிக் காய்ச்சல்தான் இது என்று முதலில் பலரும் எண்ணினர். மறுபடியும் அழைக்கப்பட்ட கோக், இது தனி நோய் என்று கண்டார். நோயுற்ற மாட்டின் இரத்தத்தைச் சிறிது சிறிதாக நல்ல மாட்டுக்கு ஊசி போட்டால் தடுக்கலாம் என்றார். அந்த முறை பலிக்கவில்லை. ஏன்?

தைலர் நுண்ணோக்கி வழியாக மணிக்கணக்கில் பார்த்தார். சிவப்பணுக்களுக்குள்ளே மிகச் சிறிய கோல்கள் போன்ற ஒட்டுண்ணிகள் தெரிந்தன. பழைய காய்ச்சலின் கிருமியிலிருந்து அவை வேறுபட்டிருந்தன. பழைய காய்ச்சலை இரத்த ஊசியால் ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுக்க முடியும். இந்த நோயை அப்படிக் கொடுக்க முடியவில்லை. அப்படி இருக்கும்போது இரத்த ஊசியால் காப்பு எப்படிக் கிடைக்கும்? நோயைக் கடத்துவது உண்ணி என்பதைக் கேப் நாட்டின் பூச்சியியல் அறிஞர் சார்லஸ் லவுன்ஸ்பரி காட்டினார்; தைலர் அதை உறுதிப்படுத்தினார். மாட்டின் காதில் கொத்துக் கொத்தாக ஒட்டும் பழுப்பு நிற உண்ணி அது. தன் வாழ்நாளில் அது மூன்று முறை வெவ்வேறு விலங்கின் மேல் ஏறி இரத்தம் குடிக்கிறது. நோயுற்ற மாட்டைக் கடித்துவிட்டுக் கீழே விழுந்து, தோல் உரித்து வளர்ந்து, அடுத்த மாட்டின் மேல் ஏறும்போது நோயைக் கொடுத்துவிடுகிறது.

இந்த இரகசியம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. உண்ணி மருந்து கரைத்த தொட்டியில் மாடுகளைக் குறித்த நாட்களில் முக்கி எடுக்க வேண்டும். நோய் கண்ட மேய்ச்சல் நிலத்திற்கு வேலி போட்டு, ஓராண்டுக்கு மேல் மாடு புகாமல் காக்க வேண்டும். அதற்குள் நோய் ஏந்திய உண்ணிகள் செத்துப்போகும். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் அந்தப் பொறுமையால் 1950களில் தென்னாப்பிரிக்கா அந்நோயை அறவே ஒழித்தது. இந்த ஒட்டுண்ணி இனத்திற்குத்தான் பிற விஞ்ஞானிகள் 1907இல் தைலேரியா என்று பெயர் சூட்டினர். நம் நாட்டு மாடுகளுக்கு வருவது அந்த இனத்தைச் சேர்ந்த வேறொரு வகை. அதைப் பரப்பும் உண்ணியும் வேறு. நாட்டு மாடுகள் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும். பால் அதிகம் கறக்கும் கலப்பினப் பசுக்களே எளிதில் விழுகின்றன. நல்ல வேளையாக இன்று அதற்கு மருந்து உண்டு. எங்கள் செவலை பிழைத்தது அதனால்தான்.

ஆராய்ச்சிக் கோயில்

1908இல் பிரிட்டோரியாவுக்கு வடக்கே ஒண்டர்ஸ்டபோர்ட் என்னும் இடத்தில் ஒரு பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அதன் தலைவர் தைலர். அங்கே அவர் குதிரைகளின் கொள்ளைநோய், ஆடுகளின் நீலநாக்கு நோய் எனப் பலவற்றை ஆராய்ந்தார். மாட்டின் சிவப்பணுவின் ஓரத்தில் புள்ளி போல் தெரியும் ஒரு கிருமியே இரத்தசோகைக் காய்ச்சலுக்குக் காரணம் என்று 1910இல் கண்டார். அதன் சாதுவான உறவுக் கிருமி ஒன்றையும் அடுத்த ஆண்டு கண்டுபிடித்து, அதையே கொடிய கிருமிக்கு எதிராகத் தடுப்பு மருந்தாக்கினார். நூறாண்டுகள் கடந்தும் சில நாடுகளில் அது பயன்படுகிறது. 1914இல் அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. 1920இல் அங்கேயே கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவரே.

எலும்பு தின்ற மாடுகள்

அவர் வாழ்க்கையில் என் மனத்தை மிகவும் தொட்ட பகுதி இனிமேல்தான் வருகிறது. தென்னாப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிகளில் மாடுகளுக்கு ஒரு விந்தையான நோய் இருந்தது. நன்றாக நடந்துகொண்டிருந்த மாடு திடீரென்று கால் தளர்ந்து படுத்துவிடும். நாக்கும் தொண்டையும் செயலற்றுப் போகும். பிறகு எழாது. லாம்சீக்டே, அதாவது முடக்கு நோய், என்று பண்ணைக்காரர்கள் அதை அழைத்தனர். அந்த மாடுகள் வெளியில் கிடக்கும் செத்த விலங்குகளின் எலும்பைத் தேடித் தேடிக் கடிக்கின்றன, அதனால்தான் நோய் வருகிறது என்று மூத்த பண்ணைக்காரர் பலர் சொல்லிக்கொண்டிருந்தனர். தைலர் அதை முதலில் ஏற்கவில்லை. ஏதோ ஒரு புல்லில் உள்ள நஞ்சே காரணம் என்று எண்ணினார். அந்த எண்ணத்திலேயே பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒன்றும் தேறவில்லை.

உலகப் புகழ் பெற்றவர், சர் பட்டம் பெற்றவர், தாம் எண்ணியது தவறு என்று ஒப்புக்கொள்வது எளிதா? தைலர் ஒப்புக்கொண்டார். வ்ரைபர்க் நகருக்கு அருகில், வறுமைச் சமவெளி என்று பொருள்படும் ஆர்மூட்ஸ்விளாக்டே என்ற பண்ணைக்குத் தம் மாணவர்களுடன் சென்று, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். எலும்பு தின்னும் மாடுகளைக் கூர்ந்து கவனித்தார். அழுகிய எலும்பைக் கொடுத்தபோது அவற்றுக்கு நோய் வந்தது. அழுகிய சதையில் வளரும் ஒரு கிருமி உண்டாக்கும் நஞ்சே மாட்டை முடக்குகிறது என்று தெரிந்தது. சரி, புல் தின்னும் மாடு எலும்பை ஏன் தின்ன வேண்டும்? அவருடன் இருந்த வேதியியல் அறிஞர் ஹென்றி கிரீன் மண்ணையும் புல்லையும் ஆராய்ந்தார். அந்த மண்ணில் பாஸ்பரஸ் என்னும் சத்து மிகக் குறைவு. மண்ணில் இல்லாதது புல்லில் இல்லை. புல்லில் இல்லாதது மாட்டின் உடலில் இல்லை. எலும்பில் அந்தச் சத்து நிறைந்திருக்கிறது. மாடு கெட்ட பழக்கத்தால் எலும்பு கடிக்கவில்லை. தன் உடலில் இல்லாததைத் தேடி அலைந்திருக்கிறது!

மாடுகளுக்கு நாள்தோறும் சிறிது எலும்பு மாவு கொடுத்தார்கள். எலும்பு தேடும் வேட்கை அடங்கியது. செத்த விலங்குகளின் உடல்களை வெளியில் விடாமல் அகற்றினார்கள். முடக்கு நோய் குறைந்தது. அதோடு நிற்கவில்லை, மாடுகள் எடை கூடின, பால் பெருகியது, கன்றுகள் கொழுத்தன. எதற்கும் உதவாத நிலம் என்று கைவிடப்பட்ட சமவெளிகள் மாடு வளர்க்கும் நிலங்களாயின. 1920களில் வெளிவந்த இந்த ஆராய்ச்சி, நோய்க்கு மருந்து தேடினால் மட்டும் போதாது, தீவனத்தையும் மண்ணையும் பார்க்க வேண்டும் என்று உலகக் கால்நடை மருத்துவர்களுக்குக் கற்பித்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் செவலை கொல்லைப்புறத்தில் கிடக்கும் எலும்புத் துண்டையும் கொடியில் காயும் துணியையும் வாயில் போட்டு மெல்லும். என் புதுத் தாவணியின் நுனியை ஒரு முறை மென்றுவிட்டது. பேராசை பிடித்த மாடு என்று திட்டி, கம்பால் இரண்டு அடி அடித்தேன். அது திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. பெரிய கண்களால் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றது. அதற்குப் பசி என்று எனக்கு அன்று தெரியவில்லை. வயிற்றுப் பசி அன்று, சத்துப் பசி. இப்பொழுது அம்மாச்சிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். மருத்துவரிடம் கேட்டு, தவிட்டோடு தாது உப்புக் கலவை சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எலும்பு மாவுக்குப் பதிலாக இன்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான்.

மகளும் மகனும்

தைலருக்கு நான்கு பிள்ளைகள். மூத்த மகன் ஹான்ஸ் தந்தையைப் போலவே கால்நடை மருத்துவரானார். 1899இல் பிரிட்டோரியாவில் பிறந்த இளைய மகன் மாக்ஸ் மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி கண்டுபிடித்து, 1951இல் நோபல் பரிசு பெற்றார். நம் போன்ற மாணவியர் நினைவில் கொள்ள வேண்டியவர் மகள் கெர்ட்ருட். பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அரிதாக இருந்த நாளில் அவர் விலங்கியல் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார். தந்தை நிறுவிய அதே ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, நாடெங்கும் எந்த ஊரில் எந்த உண்ணி வாழ்கிறது என்று கணக்கெடுத்து வரைபடம் ஆக்கினார். உண்ணிகளைப் பற்றிய ஐயம் என்றால் உலக அறிஞர்கள் அவரையே கேட்டனர். தந்தை உண்ணி கடத்தும் கிருமியைக் கண்டார். மகள் உண்ணியின் முகவரியையே எழுதிவைத்தார்!

முடிவுரை

சர் ஆர்னால்ட் தைலர் 1927இல் ஓய்வு பெற்றார். ஓய்விலும் அவர் ஓயவில்லை. விலங்குகளின் எலும்பு நோய்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். 1936ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், தம் 69ஆம் வயதில், தாய்நாடான சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் காலமானார்.

அவருக்குக் கை ஒன்றுதான். ஆனால் அந்தக் கை தொட்ட மந்தைகளுக்குக் கணக்கில்லை. அவர் வாழ்க்கையிலிருந்து நான் கற்றுக்கொண்டவை இரண்டு. ஒன்று, இழந்ததை எண்ணி உட்கார்ந்துவிடாமல், இருப்பதைக் கொண்டு உழைக்க வேண்டும். மற்றொன்று, தவறு என்று தெரிந்தால், எவ்வளவு உயர்ந்த இடத்தில் இருந்தாலும் திருத்திக்கொள்ள வேண்டும். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நான் முதலில் போகப்போவது தொழுவத்திற்குத்தான். செவலையிடம் மன்னிப்புக் கேட்டால் அதற்குப் புரியாது. ஆனால் அதன் காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்துவிட என்னால் முடியும் அல்லவா?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி